பையன சென்டர்ல சேர்க்கலாமா அக்கா? - வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அக்கா, எங்கிருந்து ஆரம்பிக்கறதுன்னே தெரியல. என் பையனுக்கு 16 வயசு. போன வருஷம் வரைக்கும் ஒழுங்கா ஸ்கூல் போயிட்டு இருந்தவன் இப்ப நாலு மாசமா போறதே இல்ல. பகல் பூரா தூங்கறான், ராத்திரி எங்கயோ போயிட்டு விடியற நேரத்துல வர்றான், கஞ்சா பழக்கம் இருக்குன்னு பையத் துழாவினப்பதான் தெரிஞ்சுது. வீட்ல வெக்கிற பணம் காணாம போகுது. போன வாரம் அவன் போன பிடுங்கி வெச்சதுக்கு கதவ உடைச்சுட்டான், குறுக்க வந்த தங்கச்சிய தள்ளிவிட்டதுல அவ கைல நல்ல அடி. "நான் இல்லாம போனா உங்களுக்கு நிம்மதிதானே"ன்னு ரெண்டு தடவ சொல்லிட்டான். வீட்டுக்காரர் இந்த மாதிரி பசங்கள தங்க வெச்சு திருத்தற சென்டர் ஒண்ணு பாத்து வெச்சிருக்கார். ஆறு மாசம் அங்கயே தங்கணுமாம், முதல் ரெண்டு மாசம் பாக்கவோ போன்ல பேசவோ கூடாதாம், ராத்திரி அவங்களே வண்டில வந்து தூங்கிட்டு இருக்கறப்பவே தூக்கிட்டு போயிடுவாங்களாம், அவன்கிட்ட முன்னாடி மூச்சு விடக்கூடாதாம். அடுத்த வாரம்னு முடிவாயிருச்சு. தடுத்துட்டு நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆயிட்டா பழி என் மேலதான், அனுப்பிட்டா அவன் முகத்துல எப்படி முழிப்பேன்? என்ன பண்ணட்டும்?

பதில்: தங்கச்சி, சென்டர் விஷயத்த அப்பறம் பேசலாம். "நான் இல்லாம போனா"ன்னு சொன்னான் பாருங்க, மொதல்ல அத எடுத்துக்கலாம். இன்னைக்கு ராத்திரியே அவன் பக்கத்துல உக்காந்து நேரா கேளுங்க, "செத்துப் போகணும்னு தோணுதாடா"ன்னு இதே வார்த்தைல கேளுங்க. கேட்டா நாமளே அந்த எண்ணத்த ஊட்டிவிட்ட மாதிரி ஆயிடுமோன்னு எல்லா அம்மாவும் பயப்படறாங்க, அப்படி ஆகாது, நேரா கேக்கறதால தற்கொலை எண்ணம் கூடறதில்லன்னு பல ஆராய்ச்சில பாத்துட்டாங்க, நெறைய பசங்களுக்கு யாராவது கேட்டுட்டாங்களேன்னு பாரம்தான் குறையுது. ஆமான்னு சொல்லி, எப்படின்னு ஒரு வழியும் யோசிச்சு வெச்சிருந்தா அடுத்த வாரம் வரைக்கும் காத்திருக்க வேணாம், அப்பவே ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு கூட்டிட்டு போங்க, தனியா விடாதீங்க. இல்லன்னு சொன்னாலும் வீட்ல இருக்கற மாத்திரை, பூச்சி மருந்து, பிளேடு எல்லாத்தயும் இன்னைக்கே பூட்டி வைங்க. அந்த எண்ணம் பல பேருக்கு அலை மாதிரி வந்துட்டுப் போறது, அந்த நேரத்துல கைக்கெட்ற தூரத்துல எதுவும் இல்லாம இருந்தாலே உயிர் தப்புது.

ஆஸ்பத்திரில படுக்க வெக்கிறதும் சென்டர்ல தங்க வெக்கிறதும் ஒண்ணுன்னு நெனச்சுக்காதீங்க. ஆஸ்பத்திரிங்கறது உயிருக்கு ஆபத்தான அந்த சில நாள தாண்டறதுக்கு. சென்டர்ங்கறது வாரக்கணக்கு மாசக்கணக்கு சமாச்சாரம். பயத்துல இருக்கற அப்பா அம்மா முதலாவது தேவைப்படற நேரத்துல ரெண்டாவதுக்கு கையெழுத்து போட்டுடறாங்க.

அந்த ராத்திரி வண்டி விஷயம், அத மட்டும் நான் யோசிக்காமயே சொல்லுவேன், வேண்டாம். அமெரிக்கால இது பல வருஷமா ஒரு தொழிலாவே நடந்திட்டிருக்கு. பாரிஸ் ஹில்டன் பேர கேள்விப்பட்டிருப்பீங்க, ஹில்டன் ஹோட்டல் குடும்பத்துப் பொண்ணு, டிவில பிரபலமானவங்க, சின்ன வயசுல நடு ராத்திரி முன்ன பின்ன தெரியாத ஆளுங்க ரூமுக்குள்ள வந்து தன்ன தூக்கிட்டு போனத அவங்க 2020ல வெளிய சொன்னாங்க, 2024 ஜூன்ல அந்த நாட்டு பாராளுமன்ற கமிட்டி முன்னாடியும் சொன்னாங்க, அந்த வருஷம் டிசம்பர்லயே இந்த மாதிரி இடங்கள்ல பிள்ளைங்க படற கொடுமைய தடுக்கறதுக்குன்னு அங்க ஒரு சட்டமும் வந்துச்சு. அவ்ளோ வசதி, பேர், புகழ் எல்லாம் இருக்கறவங்களுக்கே அந்த ராத்திரி இத்தன வருஷம் கழிச்சும் தூக்கத்துல வந்துட்டு இருந்துச்சுன்னா பாத்துக்கோங்க. உங்க பையன் திரும்பி வந்து மறுபடி அதே வீட்ல, அதே கட்டில்ல படுக்கணும். கதவு தொறந்தா யார் வருவாங்கன்னு பயந்துகிட்டு படுக்கற பிள்ள உங்ககிட்ட எப்படி மனசு விட்டு பேசுவான்?

அடுத்தது உங்க கடிதத்துல ஒரு வரி இருக்கும்னு தேடினேன், இல்ல. எந்த டாக்டராவது அவன பாத்தாரா? சென்டர் கண்டுபிடிச்சாச்சு, என்ன பிரச்சனைன்னு யாரும் கண்டுபிடிக்கலயே. 16 வயசுல டிப்ரஷன் வந்தா பெரியவங்க மாதிரி சோகமா அழுதுகிட்டு உக்காந்திருக்கணும்னு இல்ல, பல பசங்களுக்கு அது கோவமா, எரிச்சலா, எதுலயும் ஒட்டாததா, பகல் தூக்கமாத்தான் வெளிய தெரியும். நல்லா போயிட்டு இருந்த பையன் திடீர்னு ஸ்கூல விட்டான்னா அங்க அவனுக்கு என்னமோ நடந்திருக்கலாம், யாராவது மெரட்டறாங்களா, யாராவது தப்பா நடந்துகிட்டாங்களா, இல்ல இத்தன நாள் சமாளிச்சிட்டு வந்த ஏடிஹெச்டியோ (கவனம் ஒரு எடத்துல நிக்காத பிரச்சனை) படிக்கறதுல இருந்த கஷ்டமோ பெரிய கிளாஸ் வந்ததும் தாங்க முடியாம போச்சா. கஞ்சாவும் சில பசங்களுக்கு மனநோய் பக்கம் தள்ளிவிடும், யாரோ பேசற மாதிரி கேக்குது, யாரோ பின்னாடியே வர்றாங்கன்னு சொன்னான்னா அத உடனே காட்டணும். இது ஒவ்வொண்ணுக்கும் வைத்தியம் வேற வேற. எல்லாரயும் ஒரே ஹால்ல உக்கார வெச்சு காலைல எழுப்பி ஓட விட்டா எல்லாம் சரியாயிடும்னு சொல்ற இடம் இதுல எதுக்கு வைத்தியம் பாக்குது? அதனால மொதல்ல பிள்ளைங்கள பாக்கற மனநல டாக்டர் ஒருத்தர். அவன் வரமாட்டேன்னா நீங்க ரெண்டு பேர் மட்டுமாவது போங்க, பல டாக்டருங்க அப்படித்தான் ஆரம்பிக்கறாங்க.

வீட்ல வெச்சிருக்கறதுக்கும் ஆறு மாசம் அனுப்பறதுக்கும் நடுவுல நெறைய படி இருக்கு. வாரத்துக்கு ரெண்டு மூணு தடவ கவுன்சிலிங், பகல்ல போயிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வர்ற மாதிரி ட்ரீட்மெண்ட், குடும்பத்தையே உக்கார வெச்சு பண்றது. அமெரிக்கால ஸ்காட் ஹெங்லர்னு ஒருத்தர் உருவாக்கின முறை ஒண்ணு இருக்கு, மல்டிசிஸ்டமிக் தெரபின்னு பேர், தெரபிஸ்ட் வீட்டுக்கே வருவார், ஒரு நேரத்துல நாலஞ்சு குடும்பத்த மட்டும்தான் எடுத்துப்பார், நடுராத்திரி சண்டைன்னாலும் போன் பண்ணலாம், மூணுல இருந்து அஞ்சு மாசம் ஓடும். பையன வீட்ல இருந்து வெளிய எடுக்காமயே, அவன சுத்தி இருக்கற வீடு, ஸ்கூல், சிநேகிதங்க இந்த மூணயும் சரி பண்றதுதான் அதோட வேலை. இது எல்லா ஊர்லயும் கெடைக்காது, ஆனா இந்த மாதிரி ஒண்ணு வேணும்னு டாக்டர்கிட்ட கேக்கலாம்ல, கேட்டாத்தானே அவரும் கிட்டத்தட்ட என்ன பண்ண முடியும்னு யோசிப்பார்.

இவ்ளோ சொல்றதால தங்க வெச்சு பாக்கற ட்ரீட்மெண்டே தப்புன்னு நான் சொல்றதா எடுத்துக்காதீங்க. சில பிள்ளைங்களுக்கு அது உயிர காப்பாத்தி குடுத்திருக்கு. வீட்ல என்ன பண்ணாலும் அவன் உயிருக்கோ அடுத்தவங்க உயிருக்கோ காவல் இல்லங்கற நெலம, வெளிய இருந்துட்டே எடுத்த ட்ரீட்மெண்ட் ஒழுங்கா நடந்தும் பலன் இல்ல, போதை அவன் கட்டுப்பாட்ட தாண்டிருச்சு, இப்படி ஒரு டாக்டர் அவன பாத்துட்டு சொன்னா யோசிக்கணும். கஞ்சாவ நிறுத்தினா தூக்கம் போகும், எரிச்சல் வரும், பசிக்காது, பெரும்பாலும் ரெண்டு வாரத்துல அடங்கிடும். ஆனா குடிப் பழக்கமோ தூக்க மாத்திரையோ அளவுக்கு மீறி போயிருந்தா திடீர்னு நிறுத்தறதே ஆபத்து, வலிப்பு வந்து உயிர் போற அளவுக்கு கொண்டு போகும், டாக்டர் இல்லாத சென்டர்ல பூட்டி வெச்சு நிறுத்தவே கூடாது. வேற ஏதாவது எடுக்கறானான்னு தெரிஞ்சுக்காம எங்கயும் விடாதீங்க.

இன்னொண்ணு, பொண்ண மறந்துடாதீங்க. அண்ணன் கதையில அவ கை அடி ஒரு வரில முடிஞ்சு போச்சு. அவ இருக்கற எடத்துல பயம் இல்லாம இருக்கணும். கொஞ்ச நாள் நம்பிக்கையான சொந்தக்காரங்க வீட்ல அவளயோ அவனயோ இருக்க வெக்க முடியுமான்னு பாருங்க, சென்டர விட சித்தப்பா வீடு பல பசங்களுக்கு நல்லாவே வேலை செஞ்சிருக்கு. எங்க இருந்தாலும் அவகிட்ட "உன் மேல தப்பு இல்ல, இது உன்னால வந்தது இல்ல"ன்னு வாய் விட்டு சொல்லுங்க.

ஒருவேள கடைசில அனுப்பறதுன்னே வந்தா, அந்த எடத்துக்கு முன்னாடியே போயி பாருங்க, ஆபீஸ் ரூம்ல இல்ல, படுக்கற ரூம், பாத்ரூம், பூட்டற ரூம்னு ஒண்ணு இருந்தா அதயும். மனநல டாக்டர் அங்க எத்தன நாளைக்கு ஒரு தடவ வர்றார், ராத்திரி எத்தன பேர் முழிச்சிருப்பாங்க, பிள்ள வெறி வந்து கத்தினா என்ன பண்ணுவாங்க, கட்டிப் போடுவாங்களா, தனியா அடைப்பாங்களா, அத எங்க எழுதி வெப்பாங்க, பெத்தவங்களுக்கு எவ்ளோ நேரத்துல சொல்லுவாங்க, மருந்து மாத்தினா உங்ககிட்ட கேப்பாங்களா, பெரியவங்களோட சேத்து தங்க வெப்பாங்களா, படிப்பு என்ன ஆகும், இத்தனயும் கேளுங்க. பதில் சொல்றப்ப கோவப்படறாங்கன்னா கெளம்பி வந்துடுங்க. ரெண்டு மாசம் பேசக்கூடாதுன்னு சொல்ற எடத்துக்கு என் பதில் முடியாதுதான். நல்ல எடம் பெத்தவங்கள வாராவாரம் உள்ள கூப்ட்டு உக்கார வெக்கும், ஏன்னா பாதி வேல நம்மகிட்டதான இருக்கு. "உங்க பையன் அழுவான், அடிக்கறாங்கன்னு சொல்லுவான், எல்லாம் நாடகம், நம்பாதீங்க"ன்னு முன்கூட்டியே சொல்லி வெக்கிறாங்கன்னா அத விட பெரிய எச்சரிக்கை வேற எதுவும் இல்ல. அமெரிக்க அரசாங்கத்தோட தணிக்கை அமைப்பு 2007ல இந்த மாதிரி இடங்கள பத்தி ஒரு அறிக்கை குடுத்துச்சு, 1990க்கும் 2007க்கும் நடுவுல ஆயிரக்கணக்கான கொடுமைப் புகார், சில பிள்ளைங்க செத்தும் போயிருந்தாங்க, அதுல ஒடம்பு முடியலன்னு சொன்ன பிள்ளைங்கள நடிக்கறாங்கன்னு விட்டதும் இருந்துச்சு. பெத்தவங்க எல்லாரும் நல்லதுக்குன்னு நெனச்சு அனுப்பினவங்கதான்.

பசங்கள ஒண்ணா சேத்து வெக்கிறதுலயே ஒரு சிக்கல் இருக்கு. தாமஸ் டிஷியன்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும் 1999ல எழுதினாங்க, தப்பு பண்ற பசங்கள ஒரே குழுவா உக்கார வெச்சு திருத்தப் போனா சில சமயம் தப்பு கூடிப் போகுது, ஒருத்தன் சொன்ன சாகசத்துக்கு இன்னொருத்தன் சிரிக்கறான், அந்த சிரிப்புதான் அவனுக்கு பரிசு. கஞ்சாவோட உள்ள போன பையன் வேற நாலு சரக்கு பேர கத்துக்கிட்டு வெளிய வர்றது இப்படித்தான். அதனால குழுவுல எத்தன பேர், யார் யார், பக்கத்துல பெரியவங்க எப்பவும் இருக்காங்களான்னு கேக்கணும்.

அவன்கிட்ட சொல்லிட்டு செய்யுங்க. கத்துவான், ஓடிடுவேன்னு மெரட்டுவான், தெரியும். அப்பவும் எங்க, எதுக்கு, எத்தன நாள், எப்ப வந்து பாப்போம்னு சொல்லுங்க, ரெண்டு எடம் இருந்தா எதுன்னு அவன தேர்ந்தெடுக்க விடுங்க. 1989ல ஐநா கொண்டு வந்த குழந்தைகள் உரிமை உடன்படிக்கைல 12வது பிரிவு பிள்ளையோட கருத்த கேக்கணும்னு சொல்லுது, 25வது பிரிவு சிகிச்சைக்காக எங்கயாவது வெக்கப்பட்ட பிள்ளையோட நெலமய அப்பப்ப மறுபடி பாக்கணும்னு சொல்லுது. "ஆறு மாசம்"னு ஒரே அடியா சொல்லாம மாசத்துக்கு ஒரு தடவ உக்காந்து இன்னும் தேவயான்னு பேசுங்க. வெளிய வந்த அடுத்த நாள் காலைல அவன் என்ன பண்ணுவான், எந்த ஸ்கூல், எந்த டாக்டர், பழைய கூட்டாளிங்க கேட்டுக்கு வந்தா என்ன பண்றது, இத சேர்க்கறதுக்கு முன்னாடியே எழுதி வெக்கணும். உள்ள இருக்கறப்ப நல்லா இருந்துட்டு வீட்டுக்கு வந்து மூணு மாசத்துல பழையபடி ஆன பசங்க கதை எனக்கு நெறைய வந்திருக்கு, பெரும்பாலும் அந்த வீடுகள்ல எதுவும் மாறாம இருந்துச்சு.

வீட்டுக்காரர்கிட்ட சண்டைக்கு நிக்காதீங்க தங்கச்சி. அவரும் பயந்து போயி கெடச்ச கயித்த பிடிச்சிட்டு இருக்கார். "ரெண்டு வாரம் தள்ளி வைங்க, அதுக்குள்ள ஒரு டாக்டர பாத்துடலாம், அவர் சொன்னா நானே கூட வர்றேன்"னு கேளுங்க. தேதிய தள்ளி வெச்சா அந்த சென்டர் ஓடிடாது.

கேள்வி: மேடம், என் பொண்ணுக்கு 15 வயசு. ஒண்ணரை வருஷமா கைல கீறிக்கறா. ரெண்டு தடவ மாத்திரை சாப்ட்டு ஆஸ்பத்திரில சேத்தோம். வாரா வாரம் கவுன்சிலிங் போறோம், மருந்தும் எடுக்கறா. இப்ப டாக்டரே மூணு மாசம் தங்கி எடுக்கற ட்ரீட்மெண்ட் சொல்றார், போன வாரம் என் பொண்ணே "அப்பா நான் போறேன், இங்க என்னால முடியல"ன்னு சொன்னா. ஆனா வீட்ல எல்லாரும் பொம்பளப் பிள்ளய எப்படி அனுப்பறது, ஒரு வருஷப் படிப்பு போயிடும், நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவாங்கன்னு சொல்றாங்க. எனக்கும் மனசு கேக்கல.

பதில்: சார், மேல இருக்கற கேள்விக்கு நான் சொன்னத படிச்சிட்டு உங்க பொண்ண நிறுத்திடாதீங்க, உங்க கதை வேற. டாக்டர் தொடர்ந்து பாக்கறார், வெளில இருந்துட்டே எடுக்கற ட்ரீட்மெண்ட் முயற்சி பண்ணியாச்சு, ரெண்டு தடவ உயிர் தப்பியிருக்கு, எல்லாத்துக்கும் மேல அவளே கேக்கறா. 15 வயசுல "இங்க என்னால முடியல"ன்னு அப்பாகிட்ட வந்து சொல்றதுக்கு அந்தக் கொழந்தைக்கு எவ்ளோ தைரியம் வேணும், உங்க மேல எவ்ளோ நம்பிக்கை இருக்கணும். எடத்த நல்லா விசாரிச்சிட்டு அனுப்புங்க. அதுவரைக்கும் வீட்ல மருந்த உங்க கைலயே பூட்டி வெச்சு அன்னன்னைக்கு உள்ளத மட்டும் எடுத்துக் குடுங்க.

அங்க என்ன முறைல ட்ரீட்மெண்ட்னு கேளுங்க. தன்னைத் தானே காயப்படுத்திக்கற பிள்ளைங்களுக்கு டிபிடின்னு ஒரு முறை இருக்கு, டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, மார்ஷா லினஹன்னு அமெரிக்காவுல ஒரு மனநல நிபுணர் அம்மா உருவாக்கினது. அந்த அம்மாவே 17 வயசுல தன்னக் காயப்படுத்திக்கிட்டு ஒரு மனநல ஆஸ்பத்திரில ரெண்டு வருஷத்துக்கும் மேல இருந்தவங்க, 2011ல அத வெளிப்படையா சொன்னாங்க. மனசு கொதிக்கற நேரத்துல ஒடம்ப காயப்படுத்தாம அந்த பத்து நிமிஷத்த எப்படி தாண்டறதுன்னு ஒவ்வொண்ணா சொல்லிக் குடுப்பாங்க, பிள்ளைங்களுக்கான டிபிடில அப்பா அம்மாவும் கூட உக்காந்து அதே பாடத்த படிக்கணும். நீங்களும் கத்துக்கோங்க, ஏன்னா அவ திரும்பி வந்து கஷ்டப்படற ராத்திரில பக்கத்துல இருக்கப் போறது நீங்க. கைல கீறல் பாத்தா கத்தாம, அழாம, "காயத்துக்கு மருந்து போடலாம் வா"ன்னு கூப்பிடவும் பழகணும் சார், அது சொல்றது சுலபம், செய்யறது ரொம்ப கஷ்டம்.

படிப்பு ஒரு வருஷம் போனா போகட்டும். சொந்தக்காரங்ககிட்ட "ஒடம்பு சரியில்ல, ட்ரீட்மெண்ட்டுக்கு போயிருக்கா"ன்னு சொன்னா போதும், அது பொய்யும் இல்ல. அதுக்கு மேல யாருக்கு எவ்ளோ சொல்லணும்னு அவளக் கேட்டு சொல்லுங்க.

கேள்வி: அக்கா, எனக்கு 23 வயசு. 15 வயசுல என்ன ஒரு எடத்துல சேத்துட்டாங்க, டூர் போறோம்னு சொல்லித்தான் வண்டில ஏத்தினாங்க. எட்டு மாசம். அடி வாங்கினேன், போன்ல சொன்னப்ப அப்பா நம்பல. இப்பவும் வாசல்ல வண்டி நின்னா நெஞ்சு அடிச்சுக்குது, லைட் போட்டுத்தான் தூங்கறேன். அம்மா "உன் நல்லதுக்குத்தான பண்ணோம், இன்னுமா மனசுல வெச்சிருக்க"ன்னு கேக்கறாங்க. நான் மன்னிச்சுட்டாதான் சரியாகுமா?

பதில்: தம்பி, உங்க கடிதமும் முதல் கேள்வி கேட்ட அந்த அம்மாவோட கடிதமும் ஒரே வாரத்துல வந்துச்சு. ரெண்டயும் ஒண்ணா போடலாமான்னு கேட்டப்ப ஒடனே சரின்னீங்க, அதுக்கு நன்றிப்பா.

உங்களுக்கு நடந்தது நடந்திருக்கக் கூடாது. வண்டி சத்தத்துக்கு நெஞ்சு அடிச்சுக்கறது உங்க பலவீனம் கெடயாது, பெரிய பயத்த பாத்த ஒடம்பு அத மறக்காம வெச்சிருக்கு, அதுக்கு நல்ல வைத்தியமும் இருக்கு. உலக சுகாதார நிறுவனம் 2013ல குடுத்த வழிகாட்டுதல்ல ரெண்டு முறைய சொல்லியிருக்கு, அதிர்ச்சிக்குன்னே இருக்கற சிபிடி ஒண்ணு, அதாவது பயத்த கூட்டற நெனப்பயும் பழக்கத்தயும் பேசிப் பேசி மாத்தறது, இஎம்டிஆர் ஒண்ணு, அதாவது பழைய நினைவ மனசுல வெச்சுக்கிட்டே கண்ண இந்தப் பக்கம் அந்தப் பக்கம் அசைக்க வெச்சு அதோட வேகத்த குறைக்கறது. இதுல பயிற்சி எடுத்தவங்களான்னு கேட்டுட்டு போங்க. முதல் நாளே "பூட்டின ரூம்ல உக்காந்தா எனக்கு முடியாது, கதவு லேசா தொறந்திருக்கணும்"னு சொல்லிடுங்க, நல்ல தெரபிஸ்ட் அத கேட்டுப்பாங்க. தங்கி எடுக்கற ட்ரீட்மெண்ட் உங்களுக்கு வேணும்னு யாராவது சொன்னா முடியாதுன்னு சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கு.

மன்னிப்பு மருந்து இல்ல தம்பி, அத குடுத்தாதான் ஆறும்னு இல்ல, குடுக்கணும்னு கட்டாயமும் இல்ல. ஆனா அப்பா அம்மா கேக்கணும்னு உங்க மனசுல ஏக்கம் இருக்கறது கடிதத்துல தெரியுது. ஒரு பக்கத்துல எழுதுங்க, அவங்க பண்ணது சரியா தப்பான்னு விவாதமா ஆக்காம அங்க என்ன நடந்துச்சு, இப்ப ராத்திரி எப்படி இருக்குன்னு மட்டும். குடுக்கறப்ப ஒண்ணே ஒண்ணு கேளுங்க: "முழுசா படிங்க, படிச்சிட்டு காரணம் எதுவும் சொல்லாதீங்க, ஒரு நாள் கழிச்சு பேசுங்க." அப்பா அப்பவும் நம்பலன்னா தனியா இருக்காதீங்க, அன்னைக்கு ஒரு சிநேகிதன் வீட்ல தங்கற மாதிரி முன்னாடியே பேசி வெச்சுக்கோங்க. லைட் போட்டே தூங்குங்க, அத யாருக்காகவும் அணைக்க வேணாம்.